ஒரு சொல் விட்டுப்போன கையெழுத்து

சனிக்கிழமை மத்தியானம் மில் முதலாளி ஹாலிஸின் லாரி வாசலில் வந்து நின்றதுமே டூலி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். லாரியின் பின்பக்கம் இரண்டு வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் அந்த மனுவால் வந்தது. நிறம் பார்த்துப் பள்ளியைப் பிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் தென் கரோலினாவில் எந்தக் கதவும் திறக்கவில்லை. மழை ஒழுகும் இந்தக் கறுப்பர் பள்ளியில் படித்தது போதும், வெள்ளையர் பள்ளியில் எங்களையும் சேருங்கள் என்று முப்பத்தொரு மாணவர்கள் தேவாலயத்தில் கூடிக் கையெழுத்துப் போட்டார்கள். டூலியும் போட்டான். டூலி என்பது செல்லப் பெயர். பள்ளியில் அவன், அப்பாவின் பெயரோடு மகன் என்று காட்டும் ஒரு சொல்லும் சேர்ந்து, எஸ்ரா காட்ஸ்டன் ஜூனியர். அவசரத்தில் பாவி மகன் ‘ஜூனியர்’ என்பதை விட்டுவிட்டான். பெயர்களெல்லாம் பத்திரிகையில் வந்தன. ஊர் படித்தது அப்பாவின் பெயரை.

மனுப்போட்ட பையன் ஒருவனை நேற்று ஆற்றங்கரையில் அடித்துப் போட்டிருந்தார்கள். அவன் இன்னும் கண் திறக்கவில்லை.

ஹாலிஸ் இறங்கி வந்து பத்திரிகையை அப்பாவிடம் நீட்டினான்.

“என்னடா எஸ்ரா, என் மில்லுல கைநாட்டு வைக்கிறவன் நீ. கையெழுத்து எப்படா வந்துச்சு?”

“கத்துக்கிட்டேன் முதலாளி. நான்தான் போட்டேன்.”

“உன் பையன் பள்ளிக்கூடம் போறவனாச்சே?”

“அவன் பயந்தாங்கொள்ளிங்க. அவனுக்கு ஏது அந்தத் தைரியம்.”

நான்தான் போட்டேன் என்று சொல்ல டூலிக்கு நாக்கு எழவில்லை. அப்பா சொன்னதில் பாதி உண்மை.

“அப்ப எழுதிக் காட்டு. நீதான்னா வேலை மட்டும்தான் போகும். பொய்யின்னா உன் பையன இவங்க கூட்டிட்டுப் போவாங்க.”

தொலைந்தோம் என்று நினைத்தான் டூலி. அப்பா படியில் குந்தி, பத்திரிகை ஓரத்தில் பென்சிலை வைத்தார். எஸ்ரா. பிறகு காட்ஸ்டன். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. டூலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்பா நிறுத்தவில்லை. மூன்றாவதாக ஒரு சொல்லை நிதானமாக எழுத ஆரம்பித்தார். டூலிக்கு அப்போதுதான் விளங்கியது. மகனுடைய நோட்டு அட்டையைப் பார்த்துத்தான் மனுஷன் திருட்டுத்தனமாகக் கற்றிருக்கிறார். அதிலிருந்த மூன்று சொல்லும் தன் பெயர் என்றே நினைத்திருக்கிறார்.

ஹாலிஸ் படித்துப் பார்த்தான். யார் ஜூனியர் என்று அவன் கேட்கவே இல்லை. பின்னாலிருந்த இருவரும் குதித்து இறங்கினார்கள்.

அப்பா பெருமையோடு மகனை ஏறிட்டுப் பார்த்தார்.

“சரியாத்தானேடா எழுதியிருக்கேன்?”

“சரியாத்தான் எழுதியிருக்கீங்கப்பா” என்று சொல்லிவிட்டு, டூலி லாரியை நோக்கிப் படியிறங்கினான்.