கல்குழியில் கொளுத்திய சூடம்

அருப்புக்கோட்டையில் ஏறும்போதே ஐயாத்துரைக்குத் தெரியும், இந்தக் கரி பஸ் ஒழுங்காகத் திருச்சுழி போய்ச் சேராது என்று. உலகச் சண்டை வந்து பெட்ரோலுக்குப் பஞ்சமானதிலிருந்து, முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடுகிற பஸ் அது. பாதி வழியில், பொட்டல்காட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற அவர் மனைவி முத்துலட்சுமி அந்த வெயிலில் எங்கே உட்காருவாள்? பாதையோரம் பழைய கல்குவாரி ஒன்று தெரிந்தது. அதன் சுவரைக் குகைபோலக் குடைந்திருந்தார்கள். நிழலாக இருக்கும் வா என்று ஐயாத்துரைதான் கூட்டிப்போனார். மனிதருக்கு எதையாவது எட்டிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

உள்ளே சிலுசிலுவென்றிருந்தது. உளித்தடம் விழுந்த சுவர், வௌவால் நாற்றம், அவள் வளையல் குலுங்கினால் திரும்பி வருகிற சத்தம். கோடியில் ஒரு பாறை. அதில் செங்காவி பூசி, துளையொன்றில் வேப்பங்குழை செருகியிருந்தது. இலை வாடக்கூட இல்லை. குழைக்கு அடியில் கறுத்த நூல் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி கை கூப்பி நின்றுவிட்டாள். இரண்டு பிள்ளைகளைப் பிறந்த அன்றே பறிகொடுத்தவள். இதுவாவது தங்கட்டும் என்று அவள் கும்பிடாத கல் கிடையாது. முந்தானையில் முடிந்திருந்த சூடத்தைப் பாறைமேல் வைத்துக் கொளுத்தினாள். வாசல் காற்றில் அது அணையப் பார்த்தது. அணைந்தால் அதையே நினைத்து உருகிப்போவாளே! ஐயாத்துரை பதறிப்போய் இரண்டு கையையும் குவித்து மறைத்தார். எரிந்து தீரும்வரை எடுக்கவில்லை. அவள் பாறையைத் தொட்டு நெற்றியில் காவியை இட்டுக்கொண்டாள்.

வெளியே வந்தால், எதிரே ஒருவர் குடத்தில் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். கழுத்தில் ஜெபமாலை. குவாரியில் கல்லுடைக்கிற ஜேசுராஜ். முத்துலட்சுமியின் நெற்றியைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. அவளைப் பஸ் பக்கம் போகவிட்டு, ஐயாத்துரையை நிறுத்தி, உள்ளே என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சாமி கும்பிட்டுச் சூடம் காட்டினோம் என்றார் இவர்.

"அது சாமியில்ல மொதலாளி. வெடிமருந்து கெட்டிச்ச குழி. திரி பாதியில அவிஞ்சு, வெடிக்காம நின்னுபோச்சு. ஆளு கிட்ட போகக்கூடாதுன்னு நாந்தான் காவியப் பூசி, கொழையச் சொருகிட்டு, ஊத்தி நனைக்கத் தண்ணிக்குப் போனேன்."

ரோட்டுக்கு ஜல்லி வேண்டுமென்று பழைய குவாரியை மறுபடி திறந்திருந்தார்களாம். சிவப்பைக் கண்டால் விலகிப் போவார்கள் என்று அந்த வேதக்காரர் நினைத்திருக்கிறார். சிவப்பும் வேப்பிலையும் கண்ட இடத்தில் இந்தப் பக்கத்துப் பெண்கள் விழுந்து கும்பிடுவார்கள் என்பது அவசரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. குடம் தளும்பி அவர் காலை நனைத்தது.

ஐயாத்துரை தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். அவளைக் கூட்டிப்போனதும் நான், அணைய இருந்ததை அணையவிடாமல் காத்ததும் நான். அந்தக் கறுப்பு நூல்தானே திரி? அது கைக்கு எந்தப் பக்கம் இருந்தது? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"அவகிட்ட சொல்லிப்புடாதப்பா" என்று மட்டும் சொன்னார். ஜேசுராஜ் தலையாட்டிவிட்டுக் குடத்தோடு குகைக்குள் போனார்.

பஸ் இருமிக்கொண்டு கிளம்பியது. முத்துலட்சுமி இத்தனை மலர்ச்சியாக இருந்து எத்தனையோ காலமாயிற்று.

"சூடம் நின்னு எரிஞ்சுச்சு, பாத்தீகளா? புள்ளைக்கு மொத முடி இங்க வந்துதான் எறக்கணும்."

வேர்வையில் கரைந்த காவி அவள் மூக்குத்தண்டில் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் துண்டை எடுத்துத் துடைக்கப்போனார்.

"தொடாதீக" என்று சிரித்து, அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சூடப்புகை படிந்த அவர் கை, துண்டோடு அப்படியே நின்றது.