பௌஸ்தீனோவுக்கு ஒரு பிழைத்திருத்தல் பத்திரம்

1

இந்தக் கதை என் கைப்பிழை ஒன்றிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்டியில் பத்திரம் எழுதுவது என் தொழில். ஒழிந்த நேரத்தில் கதை எழுதுவேன். நான்கு கதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. ஐந்து வருடத்துக்கு முன்பு தனுஷ்கோடி அண்ணன் ஒன்றரை ஏக்கர் புஞ்சை வாங்கியபோது நான்தான் பத்திரம் எழுதினேன். அதில் அவர் பெயரைத் 'தனக்கோடி' என்று அடித்திருக்கிறேன். இப்போதுதான் கண்ணில் பட்டதாம். பிழைத்திருத்தல் பத்திரம் போடுவதற்காக மகள் முருகலட்சுமியை அழைத்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

முருகலட்சுமி பிலிப்பைன்ஸில், தவாவ் நகரத்தில் மருத்துவம் படித்துத் திரும்பியவள். இங்கே வைத்தியம் பார்க்க இன்னொரு தேர்வில் தேற வேண்டும், அப்போது அதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தத்தைத் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் சொன்னாள்:

"இம்புட்டுத்தானா சித்தப்பா? எங்க வீட்டுக்காரரோட அப்பா முப்பத்தோரு வருஷம் கடுதாசி போட்டும் மாத்த முடியலையே."

[வீட்டுக்காரர் என்றதும் நானும் திடுக்கிட்டேன். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தவாவில் அவள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரரைச் சொல்கிறாள்.]

2

அந்த வீட்டுக்காரருடைய அப்பாவைப் பற்றிய முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

துப்பாக்கி வெடித்தது. செம்மண் தடத்தில் வெறுங்காலோடு பாஸ்டினோ மின்னலாக

இதற்கு மேல் ஓடவில்லை. முருகலட்சுமியிடம் காட்டினேன். செம்மண் இல்லை, கரிச்சாம்பல் கொட்டிய தடம் என்றாள். வெறுங்காலா என்பது அவளுக்குத் தெரியாது. ஆகவே இந்தக் கதையில் அந்த மனிதருக்குப் பாதம் கிடையாது. மின்னல் என்னுடையது, எடுத்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது அவள் கேட்டு வந்தது. வீட்டுக்காரர் பெயர் ரெனாத்தோ. எண்பத்து நான்கு வயது. வாடகை வண்டி ஓட்டிச் சேர்த்த காசில் மாடி கட்டி, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அறை விட்டிருக்கிறார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் என்று முருகலட்சுமி ரசம் வைத்துக் கொண்டுபோனாள். குடித்து முடித்து, மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டினார். எல்லாம் அவர் அப்பா எழுதிய கடிதங்களின் நகல்.

அப்பாவின் பெயர் லுமாபாஸ். [முதற்பெயருக்குப் பிறகு வருகிறேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.] ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மணிலாவில் பல நாட்டுக்காரர்கள் கூடிய ஒரு பந்தயத்தில் ஒரு மைல் ஓடினார். அவர்கள் நாட்டில் பந்தய ஓட்டம் அப்போதுதான் தலையெடுத்த காலம். கிளம்பும் நேரத்தில் அவருடைய பனியன் கிழிந்துவிட்டது. கூட வந்த பெத்ரோ என்பவன் அன்றைக்கு ஓடவில்லை. தன் பனியனைக் கழற்றிக் கொடுத்தான். முதுகில் பெத்ரோவின் எண். மூன்றாவதாக வந்து சேர்ந்தார். செய்தியாளர் எண்ணைப் பார்த்துப் பட்டியலில் பெயரைத் தேடினார். மறுநாள் பேப்பரில் 'மூன்றாம் இடம், பெத்ரோ' என்று வந்தது. சான்றிதழும் அந்தப் பெயருக்கே தபாலில் போனது.

பெத்ரோ வாய் திறக்கவில்லை. அந்தச் சான்றிதழைக் காட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் ஆனான். லுமாபாஸ் தவாவுக்குப் போய்த் துறைமுகத்தில், கப்பல் கயிறு திரிக்கும் நார்க்கட்டுகளைச் சுமந்தார். வருடாவருடம் பந்தயம் நடந்த தேதியில் அந்தப் பேப்பருக்கு ஒரு கடிதம்: தயவுசெய்து திருத்தவும். போர்க்காலத்தில் தபால் ஓடவில்லை. எழுதி வைத்திருந்து பிறகு அனுப்பினார். ஒரே ஒரு முறை பதில் வந்தது, பரிசீலிக்கிறோம் என்று. முப்பத்தோராவது கடிதம் எழுதிய வருடம் இறந்துபோனார்.

"எந்த பாஷையிலயாவது, யாராவது சரியா எழுதட்டும்னாரு ரெனாத்தோ" என்று முருகலட்சுமி சொன்னாள். எங்கள் ஊரில் கதை எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று அப்போதே அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாளாம்.

3

இரண்டாம் வரைவில் நான் ஒரு காரியம் செய்தேன். அவரை ஜெயிக்க வைத்தேன். கடைசி வளைவில் இரண்டு பேரை முந்தி, நெஞ்சால் நூலை அறுத்து, [இந்த வாக்கியம் ஒன்றரைப் பக்கம் போனது. உங்களைக் காப்பாற்றியிருக்கிறேன்.] முதலாவதாக வந்தார். பாவப்பட்ட மனிதர், வாழ்நாளில் கிடைக்காததைக் கதையிலாவது கொடுப்போம் என்று நினைத்தேன். எழுதும்போது என் கண்ணே கலங்கியது. கண் கலங்கினால் நல்ல எழுத்து என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

முருகலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தாள். தனுஷ்கோடி அண்ணன் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு மூணாவதாத்தான் வந்தாரு, சித்தப்பா."

கதைதானே அம்மா என்றேன்.

"முப்பத்தோரு கடுதாசியிலயும் மூணாவதுன்னுதான் எழுதியிருக்காரு. நீங்க மொதப் பரிசு குடுத்தா அது வேற ஆளு. பேப்பர்காரன் பண்ணுனதத்தான் நீங்களும் பண்றீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் தாளை மடித்து வைத்தாள். பிறகு, யாரிடம் என்றில்லாமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"நான் ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவையும் பெயிலு. இப்ப மூணாவதும் எழுதியாச்சு. அய்யா ஊர்ல, பாப்பா இன்னும் பரீட்சையே எழுதலைன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. என்னய காப்பாத்துறாராம். தோத்துருச்சுன்னு சொன்னாக்கூட எனக்குத் தேவலை. நாந்தானே தோத்தேன்."

தனுஷ்கோடி அண்ணன் ஒரு காலில் செருப்போடு நின்றார். இங்கே அவர் மனதுக்குள் புகுந்து நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன், அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: இரண்டு நாள் கழித்து பாக்கர் டீக்கடையில் யாரோ வழக்கம்போல விசாரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் டீயைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வாட்டி எழுதுச்சு. ரெண்டுலயும் போச்சு. மூணாவதுக்கும் எழுதிட்டு வந்துருக்கு, முடிவு வரணும்" என்றார். அப்புறம் டீயை எடுத்துக் குடித்தார். கடையில் ஒன்றும் இடிந்து விழவில்லை.

4

இப்போது அந்த முதற்பெயர்.

பாஸ்டினோ, ஃபாஸ்டினோ, பவுஸ்டினோ என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்திருந்தேன். ஓர் எழுத்து தவறினால் என்னாகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். ஒருநாள் காலை பத்தரைக்கு முருகலட்சுமி என் அறையிலிருந்து ரெனாத்தோவைக் கூப்பிட்டாள். அங்கே மதியம் ஒரு மணி. திரையில் அவர் முகம் பாதிதான் தெரிந்தது. பார்வை மங்கியதால் போனை எங்கே பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்பாவை ஊரார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவள் கேட்டாள். கையெழுத்தில் 'ஃப', ஆனால் வாயில் 'ப' தான் என்றார். பிறகு நிதானமாக மூன்று முறை சொன்னார். நடுவில் 'தீ' நீண்டது. நான் எழுதி, திருப்பிச் சொன்னேன்.

"பௌஸ்தீனோ."

திரையில் முகம் போய், அவர் காது மட்டும் தெரிந்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

5

முடிவுக்கு மூன்று யோசனைகள் வைத்திருந்தேன். பேப்பர்காரர்கள் திருத்தம் வெளியிடுவது. பெத்ரோவின் பேரன் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுப்பது. முருகலட்சுமி தேர்வில் தேறி அந்தச் சந்தோஷத்தோடு தவாவுக்குப் போய் இறங்குவது. மூன்றும் நடக்கவில்லை. முதல் இரண்டு இனி நடக்கவும் போவதில்லை. அவளுடைய முடிவு அடுத்த வாரம் வருகிறது. எப்படி வந்தாலும் வந்தபடிதான் ஊருக்குத் தெரியும்.

இந்தக் கதையை இன்னும் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் யாரோ அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு பிரதி தவாவுக்கும் போயிருக்கும். ரெனாத்தோவுக்குத் தமிழ் தெரியாது. அப்பா எந்த வரியில் இருக்கிறார் என்று கேட்பார். முருகலட்சுமி போனில் காட்டுவதற்காக அதைத் தனியாக எழுதி வைக்கிறேன்:

ஒரு மைல் ஓட்டம். மூன்றாம் இடம்: பௌஸ்தீனோ லுமாபாஸ்.

அதைத் தொட்டுப் பார்த்து அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நான் எழுத மாட்டேன். அவர் இன்னும் சொல்லவில்லை.