தறியை நிறுத்தாதே

எங்கள் நாடக சபாவில் நான்தான் கதாநாயகன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் வருஷாவருஷம் மேடை போடுவோம். இத்தனை வருஷம் நல்லவனாக நடித்தும் கடைத்தெருவில் என்னை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. வில்லன் வேடியப்பன் வந்தால் மட்டும் பூக்காரி கூடையை இழுத்து மூடிக்கொள்வாள். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் சொல்கிறேன், அவனைப் போல ஒரு நடிகனை நான் பார்த்ததே இல்லை.

நிஜத்தில் அவன் எறும்புக்கும் வழிவிடுகிற ஆள். பகலெல்லாம் லுங்கி நெய்வான். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டான். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பேசி முடித்த சம்பந்தமெல்லாம் பெண் வீட்டார் நாடகம் பார்த்ததும் முறிந்துபோயின. எழுபத்து நாலாம் வருஷம் பள்ளிப்பட்டிலிருந்து எல்லம்மாள் அமைந்தாள். அவளும் தறிக்காரர் வீட்டுப் பெண், அப்பா இல்லை. அவள் அம்மா குப்பம்மாள், காவடிக்கு வரும்போது மாப்பிள்ளையின் நாடகத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து அவன் பெண்டாட்டியை அடித்து நொறுக்குகிற காட்சி. பெண் வீட்டார் முன்வரிசையில் இருக்கிறார்கள், இன்றைக்கு மட்டும் லேசாக அடி என்று கெஞ்சினேன். அவன் அரிதாரம் பூசிக்கொண்டே சொன்னான்.

"லேசா அடிச்சா, அடி வாங்கினவ பொய் சொன்னா மாதிரி ஆய்டும்ணா."

மேடையில் அவன் கத்தவில்லை, கண்ணை உருட்டவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். சன்னலைச் சாத்தினான். பிறகு வசனத்தில் இல்லாத ஒன்றைச் செய்தான். உள்ளே மகன் இருக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி, தண்ணீர் கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்.

"தறியில உக்காருடா. நான் சொல்றவரிக்கும் நிறுத்தாதே."

அலறல் தெருவுக்குக் கேட்காமல் இருக்கத்தான் தறிச் சத்தம் என்று தறிக்காரர்களான எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விசிலடித்த கூட்டம் அடங்கிவிட்டது. அவன் கையை ஓங்கியபோது மனைவியாக நடித்த வரலட்சுமி நிஜமாகவே பயந்து பின்வாங்கினாள். நாங்கள் அதுவரை போட்ட கெட்டவர்கள் எல்லாம் வெறும் மீசை. இவன் தினப்படி வேலையைப் பார்க்கிறவன் மாதிரி நிதானமாக இருந்தான். எங்கள் சபாவுக்கு இப்படி ஒருவன் வாய்த்தானே என்று பெருமையாகவும் இருந்தது, இவனுக்கு இனிமேல் யார் பெண் கொடுப்பார்கள் என்று வேதனையாகவும் இருந்தது.

நாடகம் முடிந்ததும் குப்பம்மாள் பெண்ணோடு மேடைக்குப் பின்னால் வந்தாள். வேடியப்பன் பாதி கலைந்த அரிதாரத்தோடு எழுந்து நின்றான். கேட்டது எல்லம்மாள்தான்.

"உங்க வீட்ல தறி ஓட்னது யாரு?"

"நான்தான். நைனா சொல்வாரு. அம்மா கத்தறது எங்காதுல விழக் கூடாதுன்னு வேகமா ஓட்டுவேன்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல நானு."

குப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாம்பூலத் தட்டு எங்கே என்று என்னைக் கேட்டாள். மேடையில் வருஷாவருஷம் மாலை மாற்றிக்கொள்கிற கதாநாயகன் நான், அன்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்று அழுதேன்.