ஏழாவது நாற்காலிக்கு வந்த வசனம்

மருந்துக்கடை மாடியில் வியாழன்தோறும் மாலையில் நடக்கும் வேதபாட வகுப்பில் யார் எந்த வசனத்தை வாசிக்கிறாரோ, அடுத்த வியாழனுக்குள் அது அவருக்கு நடந்துவிடும். தலைமுடிகூட எண்ணப்பட்டிருக்கிறது என்று வாசித்த முடிதிருத்துபவரின் கடையில், அன்றுமுதல் வெட்டி விழுகிற ஒவ்வொரு முடியிலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருந்தது. அவர் வழக்கம்போல் கூட்டி அள்ளிக் கொட்டினார். ஐந்து அப்பங்களைப் பற்றி வாசித்த பேக்கரிக்காரர் ஐந்தே ரொட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே மதியச் சாப்பாடு போட்டுவிட்டு, மிச்சத்தைப் பன்னிரண்டு தட்டுகளில் திருப்பி எடுத்துவந்தார். விசுவாசம் மலையைப் பெயர்க்கும் என்று மீட்டர் ரீடர் வாசித்த வாரம் ஊர்க்கோடிக் குன்று கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. பேருந்து நிறுத்தத்தை மாற்ற நகராட்சிக்கு இரண்டு மாதம் பிடித்தது.

வாசிப்பது ஆளுக்கொரு வசனம், ஜன்னலோர நாற்காலியிலிருந்து வரிசையாக. விஷயம் பிடிபட்டதும் எல்லோரும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து உட்கார ஆரம்பித்தார்கள். ஆசீர்வாதம் விழுகிற நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்கள். சிலுவையைச் சுமக்கச் சொல்கிற நாற்காலி காலியாகவே கிடந்தது. இத்தனை கெட்டிக்காரத்தனத்தோடு நடந்த வேதபாடம் வேறெங்கும் இருந்திருக்காது. முடிவில் மருந்துக்கடைக்காரர், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொல்லும் அதே குரலில், இதில் நமக்கு என்ன பாடம் என்று கேட்பார். சொல்லப்படும் பாடம் பெரும்பாலும் அன்று வராதவர்களுக்குப் பொருந்துவதாக இருக்கும். இதில் தெருவில் துணி தைத்துக்கொடுக்கும் தையலக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊரில் எல்லோருடைய அளவும் அவளுக்கு அத்துப்படி.

தையலக்காவுக்கு அதே தெருவில் ஒரு தங்கை. இருவருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை வீட்டில் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தபோது தங்கை சொல்லியனுப்பவே இல்லை, பெற்றவள் முகத்தைக்கூடப் பார்க்கவிடாத பாவி என்று அக்கா அழுதாள், தெரு நம்பியது. தங்கை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வீட்டை யாரும் எட்டிப் பார்ப்பதும் நின்றுபோனது.

ஒரு வியாழன், காணிக்கை கொண்டுவரும்போது உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்ற பகுதி வந்தது. தையலக்கா எண்ணினாள். அந்த வசனம் ஆறாவது நாற்காலிக்கு, அதாவது அவளுக்கு. வெளிச்சம் போதவில்லை என்று நைசாக ஏழாவதுக்கு நகர்ந்து, முடிதிருத்துபவரை ஆறாவதில் உட்காரவைத்தாள். வாசிப்பு தொடங்குகிற நேரத்தில் முதல் நாற்காலி பேக்கரிக்காரர் அடுப்பை அணைக்க மறந்தது ஞாபகம் வந்து கீழே ஓடினார். வசனம் ஓர் இடம் தள்ளி நேராக அவளிடமே வந்தது. அவள் இருமினாள், தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிப் புத்தகத்தை முடிதிருத்துபவரிடம் கொடுத்தாள். அவர் வாசித்தார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஒற்றைப் பிள்ளை அவர்.

அந்த ஞாயிறு தையலக்கா ஆலயத்து மேஜைக்குத் தானே பூவேலை செய்த வெள்ளை விரிப்பைக் காணிக்கையாகப் போட்டுவிட்டு வந்தாள். திங்கள் காலை அது அவள் தையல் மெஷின்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாம் முறை மேலே நான்கு பாட்டுப் புத்தகங்களைப் பாரம் வைத்தாள். அவையும் சேர்ந்து வந்தன.

அந்த வார வகுப்பில் மருந்துக்கடைக்காரர் ஜெபக் குறிப்புகளுக்கு நடுவே, தையலக்காவின் தங்கை சனிக்கிழமை வீட்டைக் காலிசெய்கிறாள், வண்டி பேசியாகிவிட்டது, எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை என்றார். அன்றைக்கு வேறு அதிகாரம். தையலக்கா எழுந்து, அந்தப் பழைய பக்கத்தைத் திருப்பி, யாரும் கேட்காமலே அந்த வசனத்தைத் தானே வாசித்தாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

வாசித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். வெளியே மாடிப்படி இல்லை. தங்கையின் சமையலறை இருந்தது. தங்கை பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பு மொத்தமும் தையலக்காவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

"நீ சொல்லியனுப்பினே," என்றாள் தையலக்கா. "மூணு தடவை. கல்யாணத் துணிய முடிச்சிட்டு வரேன்னு நாந்தான் வரல. ஊருக்கு மாத்திச் சொன்னேன்."

தங்கை கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதாக்கா? உள்ள வா. கதவ மட்டும் சாத்தாத. எல்லாரும் கேக்கட்டும்."

கதவு சாத்தப்படவில்லை. வண்டி வேண்டாம் என்று சொல்லியனுப்பியாகிவிட்டது. விரிப்பு அந்த ஞாயிறு முதல் ஆலயத்து மேஜையிலேயே கிடக்கிறது. நாற்காலி எண்ணுவது நின்றது. வந்த இடத்தில் உட்கார்ந்து, வந்ததை வாசிக்கிறார்கள். மாடிப்படி எங்கே போனதென்று யாரும் தேடவில்லை. வகுப்புக்கு வருகிறவர்கள் தங்கையின் வாசல் வழியாக வந்து, சமையலறையைத் தாண்டித்தான் மாடி அறைக்குப் போகிறார்கள். செருப்பை வெளியே விடச் சொல்லி அவள் வாரா வாரம் திட்டுகிறாள்.