இமயமலையில் ஒரு சாமைக்காடு

கோயிலின் ஐம்பதாம் ஆண்டு விழா மலருக்கு வந்த கட்டுரைகளைத் திருத்தித் தரும் வேலையைப் பங்குச் சாமியார் மதலைமுத்துவின் தலையில் கட்டினார். கல்லூரியில் படிக்கிறான், தமிழில் எழுதுகிறான், லீவில் வீட்டில் சும்மா இருக்கிறான் என்று அவனுக்கு மூன்று தகுதிகள் இருந்தன. சாமியாரை மிகவும் கவர்ந்தது கடைசித் தகுதிதான்.

மதலைமுத்து எழுதுகிறவன் என்பது உண்மை. தருமபுரிக் கல்லூரி விடுதியில் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினான். சிரிக்காமல் எழுதுவான், படிக்கிறவனும் எங்கே சிரிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறுவான். ஒருமுறை வார்டனைப் பற்றி அவன் எழுதியதை வார்டனே பாராட்டு என்று நம்பி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்தார். யாரோ விளக்கிச் சொன்ன பிறகு அவரே கிழித்தார்.

அந்தப் பழக்கத்திலேயே மலருக்கான கட்டுரைகளையும் பிடித்தான். கோயில் மணி வந்த வரலாற்றை மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்றிலும் மணியை வாங்கிக் கொடுத்தவர் எழுதியவருடைய தாத்தா. 'கோபுரத்தில் ஒரு மணிக்குத்தான் இடம் இருக்கிறது. தாத்தாக்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரவும்' என்று சிவப்பு மையில் எழுதிவைத்தான்.

நான்காவது கட்டுரையில் பெயர் இல்லை. 'எல்லைப் போர்' என்று தலைப்பு மட்டும் இருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா.

அப்பா வியாகுலம் அந்த ஊர்க் கோயிலின் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருவதும், சாமியார் வராத நாளில் ஜெபம் சொல்வதும், சாவு வீட்டிலிருந்து பெட்டியைக் கோயிலுக்குக் கூட்டி வருவதும் அவர் வேலை. மீதி நேரத்தில் இரண்டு ஏக்கர் கடலைக்காடு. மகனும் அவரும் ஒரே வீட்டில் ஒரே சட்டிக் களியைத்தான் தின்றார்கள். அப்படியிருக்க, கட்டுரையைச் சாமியார் பங்களாவில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்.

"ஏன் சாமி, வூட்டுலயே எங்கிட்ட குடுத்திருக்கலாமில்லைங்களா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். வூட்டுல குடுத்தா மகனாப் படிப்பான், மத்தவங்களுக்கு எப்படித் திருத்தறானோ அப்படியே திருத்தச் சொல்லுங்கன்னுட்டாரு." சாமியார் குரலைத் தாழ்த்தினார். "முடிவுதான் இல்லை. அதுல வர்ற பையன் கடைசியில என்ன ஆனான்னு எழுதலை. வீரமரணம் அடைந்தான்னு ஒரே ஒரு வரி வாங்கிடு, அவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். விழா முடிஞ்ச மறுநாளே சவரிக்குப் பெரிய பூசை வெச்சிடலாம். உங்கம்மா கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டாங்க."

சவரி மதலைமுத்துவின் அண்ணன். பட்டாளத்தில் சேர்ந்தவன். அறுபத்திரண்டில் சீனாக்காரனோடு சண்டை வந்தபோது வடக்கே எல்லையில் ஏதோ ஒரு மலையில் இருந்தான். பிறகு ஒரு தந்தி வந்தது: 'காணவில்லை, இறந்திருக்கலாம் என நம்பப்படுகிறது.' மதலைமுத்து அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். பல வருடம் கழித்து விடுதிச் சாம்பாரிலிருந்த பருப்பைப் பற்றி இதே வார்த்தைகளை அப்படியே எழுதினான். விடுதியே சிரித்தது. அவை எங்கிருந்து எடுத்த வார்த்தைகள் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சவரி வருவான் என்று வியாகுலம் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அவனுடைய சட்டைகளை இரண்டாம் வருடமே அனாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் இறந்தவர்களுக்கான பூசை என்றால் மட்டும் "இப்ப வேணாம்" என்பார். ஏன் என்றால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். பத்து வருடமாக மாடு அடிக்கடி தண்ணீர் குடித்தது.

அன்று மதியம் அம்மா லூர்து மேரி கடலை உரித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"கண்ணு, சாமி கேக்கற அந்த முடிவை நீயே எழுதிடேன். அச்சுல வந்துட்டா அந்த மனுசன் என்ன பண்ணிடுவாரு?"

"அவரு எழுதினதுல நான் கை வெச்சா திருட்டும்மா."

"மாங்கா திருடறப்ப மட்டும் தெரியலையாக்கும். ரெண்டே வார்த்தைடா. செத்தவனுக்கு ஒரு பூசை இல்லாம நான் எத்தனை கல்லறைத் திருநாளுக்கு வெறுங்கையோட நிக்கறது? எல்லாரும் அவங்கவங்க குழியில மெழுகுவத்தி ஏத்தறாங்க. நான் உங்க தாத்தன் குழியிலயே ரெண்டா ஏத்திட்டு வர்றேன்."

மதலைமுத்து எழுந்தான். கட்டுரையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வராண்டாவுக்குப் போனான்.

ஞாயிறு வாசகம் போலத்தான் கட்டுரை தொடங்கியது. 'அக்காலத்தில் சீனர் திரளான சேனையோடு மலைமேல் ஏறிவந்தார்கள். நம்முடைய பட்டாளத்தாரோ சொற்பமாயிருந்தார்கள். அப்போது உறைபனி பெய்துகொண்டிருந்தது. பட்டிமேல் போட்ட சாக்கு நனையுமளவுக்குப் பெய்தது.' இமயமலையில் இரண்டு புளியமரங்கள் நின்றன. நம்முடைய பட்டாளத்தார் அவற்றின் மறைவிலிருந்து சுட்டார்கள். சீனர்கள் கடுக்காய் மரத்துக்குப் பின்னால் பதுங்கினார்கள். சண்டைக்கு நடுவே ஒரு சாமைக்காடு வந்தது. கதிர் முற்றியிருந்தபடியால் இரு தரப்பாரும் அதை மிதிக்காமல் சுற்றிப்போனார்கள்.

மதலைமுத்துவின் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் திறந்தது. 'அந்த உயரத்தில் புல்லே யோசித்துத்தான் முளைக்கும், புளி முளைக்காது.' 'சாமையை மதித்த சீனருக்கு ஊர் சார்பில் நன்றி தெரிவிக்கலாம்.' மத்தவங்களுக்கு எப்படியோ அப்படி என்று கேட்டவர் அவர்தானே. நன்றாக வந்த குறிப்புகளை இன்னும் கொஞ்சம் கூர் பண்ணுவதற்காகக் கட்டுரையை மறுபடியும் படித்தான்.

மறுபடி படித்தபோதுதான் அதற்குள் ஒரு வழி தெரிந்தது.

பட்டாளத்தார் எல்லாரும் விழுந்த பிறகு, 'நம்மூர்ப் பையன் ஒருவன்' காலில் குண்டு பட்டு மலையிறங்குகிறான். நரி படுத்தாற்போல் கிடக்கும் பாறையைத் தாண்டுகிறான். ஊற்றில் தண்ணீர் குடிக்கிறான். இடது கைப்பக்கம் திரும்புகிறான். சாமைக்காட்டு ஓரமாக நடக்கிறான். கல்லாத்து ஓடைக் கரையில் வந்து நிற்கிறான். கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

அது இமயமலை இல்லை, ஊருக்கு மேலிருக்கும் சித்தேரி மலை. மேலே இருக்கும் ஊர்களுக்கு அப்பா ஜெபம் சொல்லப் போய்வரும் வழி. ஓடையைத் தாண்டினால் அரைமணி நடையில் வீடு.

மதலைமுத்து பேனாவை மூடினான். சிவப்பில் எழுதியதை அழிக்க முடியாது.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், கோயிலின் பக்கத்து அறையில் அப்பா மெழுகுவத்தித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு குறிப்பையும் ஜெபம்போல் வாய்விட்டுப் படித்தார். கோபப்படவில்லை.

"சாமை விளையாதா?"

"விளையாதுங்க."

"அப்ப அங்க இருக்கறவங்க என்னத்தைத் திம்பாங்க?"

"அது தெரியலைங்க."

"அதையும் படிச்சுட்டு எழுதியிருக்கலாமில்ல?" என்றார். பிறகு, "நான் பார்த்த மலை இது ஒண்ணுதான்டா. வேற மலையில வுட்டா எனக்கு வழி தெரியாது" என்றார்.

மதலைமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "ஓடைக்கு வந்து நின்னுட்டானே, அப்புறம்?"

"அங்கதான் மாட்டிக்கிச்சு. சண்டை நடந்தது ஐப்பசி கடைசி, கார்த்திகை. அந்த மாசத்துல கல்லாறு எப்படி ஓடும்? யானையைத் தள்ளிவுட்டாலும் உருட்டிட்டுப் போயிடும். அவனுக்குக் கால் வேற சரியில்லை. நானும் எழுதி எழுதிக் கிழிச்சுட்டேன்."

"ஒரு பாலம் போட்டுடுங்களேன்."

"அங்க ஏதுடா பாலம்?" அப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "இல்லாததையெல்லாம் எழுதச் சொல்றியா?"

இமயமலையில் புளியமரம் நட்டவர் கேட்டார். மதலைமுத்துவுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

"அப்பா, அம்மா கேக்கற பூசையை ஏன் வேணாங்கறீங்க?"

தண்ணீர் காட்டுவதற்குக் கோயிலில் மாடு இல்லை. வியாகுலம் தண்டைக் கீழே வைத்தார்.

"இந்த ஊர்ல செத்தவங்க எல்லாரையும் யாரு கூட்டிட்டு வர்றது? நான். வூட்டு வாசல்ல நின்னு ஜெபம் சொல்லி, அங்கிருந்து எடுத்துட்டு வர்றேன். வயசானவங்க, பச்சைப் புள்ளைங்க, கிணத்துல வுழுந்தவங்க, யாரா இருந்தாலும் வூட்டுலருந்துதான் கோயிலுக்கு. இவன் வூட்டுக்கே வரலையேடா. பாதி மலையில நிக்கறவனை எங்கிருந்து எடுக்கறது? அவனை அங்கேயே வுட்டுட்டு இங்க வெறும் பெட்டியை வெச்சு மணியடிக்கச் சொல்றாங்க."

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. மதலைமுத்து தரையில் உட்கார்ந்தான்.

"ஓடைக்கு வரவே வேண்டியதில்லைங்க."

"என்ன?"

"ஊத்துல இடது பக்கம் திரும்பினாத்தான் ஓடை. வலது பக்கம் மேல ஏறினா மூங்கில் வெட்டறவங்க தடம் ஒண்ணு இருக்கு. முகட்டு மேலயே வந்து மாயவன் கிணத்துக்கிட்ட இறங்கும். தண்ணியில காலே படாது."

"நான் பார்த்ததில்லையே."

"நீங்க பார்க்கக் கூடாதுன்னுதான் அப்படிப் போனோம்." கொஞ்சம் தயங்கினான். "மலைநெல்லி பறிக்க. நானும் சவரியும். ஞாயித்துக்கெழமையில."

"ஞானோபதேச நேரத்துலயா?"

"ஆமாங்க."

"ரெண்டு பேருக்கும் காய்ச்சல்னு சொன்னீங்களேடா. உங்கம்மா மொளகு கசாயம் வேற வெச்சா."

"காய்ச்சல்னு சொல்லச் சொன்னது சவரிதான். கசாயம் குடிச்சது நான்."

அப்பாவின் மீசை அசைந்தது. சிரிப்பா வேறெதுவுமா என்று சொல்ல முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கார்த்திகையிலயும் அந்தத் தடத்துல போலாமா?"

"கார்த்திகையிலதான் போனோம்."

"ஏத்தமா இருக்குமா? கால்ல குண்டு இருக்குடா அவனுக்கு."

மதலைமுத்து கண்ணை மூடிப் பார்த்தான். எட்டு வயதில் ஏறிய ஏற்றம். முன்னால் அண்ணனின் காக்கி டிரவுசர், அதன் பையில் நெல்லிக்காய்கள் முட்டிக்கொண்டு தெரிந்தன. "மொதல்ல கொஞ்சம் ஏத்தம்தான். மூங்கிலைப் புடிச்சுக்கிட்டு ஏறலாம். நடுவுல உக்காரக் கல்லு இருக்கு. அங்க உக்காந்து எழுந்திருப்பான். அப்புறம் எறக்கம்தான்."

வியாகுலம் எழுதினார். மூங்கிலையும் கல்லையும் எழுதினார். மாயவன் கிணற்றடியில் அவனை முகம் கழுவ வைத்தார். கம்பங்கொல்லை வழியாக நடத்தினார். அதற்குப் பிறகு பேனா ஓடவில்லை.

"பின்கதவுதான் வரும். தாப்பா போட்டிருக்குமே."

"அம்மாவைக் கூப்புடுவான்."

"ஆமா. அவ தொறப்பா." குனிந்து எழுதினார். கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். காகிதத்தை மகனிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பூசைக்கு நாள் கேட்டுட்டு வர்றேன்" என்று பங்களாப் பக்கம் நடந்தார்.

சாமியார் கட்டுரையைப் படித்துவிட்டு மதலைமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார்.

"வீரமரணம்னு எங்கேயும் காணோமே? வூட்டுக்கு வந்து சேர்ந்துட்டான்னு முடிச்சிருக்காரு. அங்க சாமை வேற விளைஞ்சிருக்கு. நீ திருத்தலையா?"

"திருத்தியாச்சுங்க சாமி. இதுல ஒரே ஒரு தப்புதான் இருந்தது, வழி. அதைச் சரி பண்ணியாச்சு."

சாமியார் அவன் முகத்தைப் பார்த்தார். கேலி பண்ணுகிறானா என்று வழக்கம்போல் தெரியவில்லை. கட்டுரையைச் சேலத்து அச்சகத்துக்குப் போகும் காகிதக் கட்டோடு சேர்த்து வைத்தார்.

விழாவுக்கு மறுநாள் கோயிலின் பொதுச் சவப்பெட்டியை வியாகுலத்தின் வீட்டு வாசலில் இறக்கினார்கள். மேலே கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. லூர்து மேரி அதன்மேல் கைவைத்து அழுதாள். பத்து வருடத்தில் முதல் முறையாக ஓர் இடத்தைத் தொட்டு அழுதாள். வியாகுலம் வாசலில் நின்று எல்லாருக்கும் சொல்லும் ஜெபத்தைச் சொன்னார். குரல் ஓரிடத்தில் நின்றது. மீண்டும் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய்ச் சொல்லி முடித்தார்.

நான்கு பேர் தூக்கினார்கள். முன்பக்கம் மதலைமுத்து. பெட்டியில் கனம் இல்லை. தோளில் மரம் மட்டும் உறுத்தியது. அப்பா சிலுவையோடு முன்னால் போனார். ஓரடி வைத்தார், கால் சரியில்லாதவனோடு நடப்பதுபோல் நின்றார், அடுத்த அடி வைத்தார்.

"வெறும் பெட்டிதானே, எதுக்கு இவ்வளவு மெதுவா?" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்.

 மதலைமுத்து அப்பாவின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு, அவர் அடி வைத்த பிறகே தன் அடியை வைத்து நடந்தான்.