பென்சிலில் போட்ட பன்னிரண்டு நாள்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். ஹீட்டர் சுவிட்சைப் போட்டான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பல் தேய்த்தான். பால் மேலே எழும்பும்போது அடுப்பைக் குறைத்தான். குளித்தான். ஹீட்டரை அணைத்தான். தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பி வந்து, சுவிட்சின் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். அணைந்திருந்தது. சட்டை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை வந்து பார்த்தான். பிறகு டம்ளர்களை எடுத்து வைத்தான். மூன்று. முதல் இரண்டு மாதம் கை நான்கு எடுத்தது. இப்போது பழகிவிட்டது.

சனிக்கிழமை. அவனுக்கு வேலை இல்லை. மற்ற நாட்களில் கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று எழுதிக் கொடுப்பான். கம்பி வடம், பிரேக், கதவு, அவசர மணி. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் அந்தக் கையெழுத்தை நம்பி ஏறி இறங்கினார்கள். வீட்டில் இருந்த இரண்டு பேரை எப்படி மேலே ஏற்றுவது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

இன்று பதினோரு மணிக்கு தீம் பார்க்கிலிருந்து போன் வரும். போன வருடக் கோடை விடுமுறைக்குப் பதிவு செய்த பயணம் அது. பன்னிரண்டு நாள், நான்கு பேர். ஒரே ஒரு தடவை தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாற்றியாகிவிட்டது. இனி வருகிறோம் அல்லது வரவில்லை, இரண்டில் ஒன்று சொல்லியாக வேண்டும்.

திட்டம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அவன் மனைவி போட்டது. அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் நூற்றுப் பத்து நர்ஸ்களுக்கு டூட்டி அட்டவணை போடும் வேலையில் இருந்தாள். அவளுடைய முறை இதுதான்: முதலில் பென்சிலில் போட்டுச் சுவரில் ஒட்டுவாள். மூன்று நாள் தொங்கும். யாருக்கு எது தோதுப்படவில்லையோ அவர்கள் அழித்து எழுதிக்கொள்ளலாம். எல்லோரும் அடியில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கறுப்புப் பேனாவைத் திறப்பாள். பேனா ஏறிவிட்டால் கடவுளே வந்து கேட்டாலும் லீவு கிடையாது என்பது அங்கே பேச்சு. பூங்காவுக்கும் அப்படியேதான் போட்டாள். அப்பா, அம்மா, பெரிசு, வக்கீல் என்று நான்கு பத்தி. நாள் வாரியாக, மணி வாரியாக எந்த ராட்டினம், யார் யாரோடு உட்காருவது, எப்போது கட்டாய ஓய்வு. பெரிசு என்றால் மகள், பதினைந்து வயது. வக்கீல் என்றால் மகன், பதின்மூன்று வயது. எதற்கெடுத்தாலும் வாதாடுவான் என்பதால் அம்மா வைத்த பெயர்.

ஒட்டிய மூன்றாம் நாள் காலை அவள் வேலைக்குப் போனாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. மருத்துவமனை வராந்தாவிலேயே விழுந்தாள். சுற்றிலும் அத்தனை நர்ஸ்கள் இருந்தும் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை.

பிள்ளைகள் அன்று ஏழு மணிக்கே பள்ளி பஸ் ஏறிவிட்டார்கள். கடைசியாக அவளோடு வீட்டில் இருந்தவன் அவன்தான். சவக்கிடங்குக்கு வெளியே இரும்பு பெஞ்சில் மகன் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அம்மா கடைசியா என்னப்பா சொன்னாங்க?" அவள் சொன்னது அவன் தொண்டை வரை வந்தது. அதை அங்கே சொல்ல முடியாது. கண்ணுக்குள் ஃபிரிட்ஜ் கதவு நின்றது. "உங்க ரெண்டு பேரையும் அந்தப் பார்க்குக்குக் கண்டிப்பா கூட்டிட்டுப் போகச் சொன்னா" என்றான்.

அது சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கையும் காலும் முளைத்துத் திரும்பி வந்தது. மனைவியின் அக்கா வீட்டில் அது 'கையைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணீரோட சொன்னா' என்று ஆகியிருந்தது. அவன் மறுக்கவில்லை.

பிள்ளைகள் பத்து மணிக்குத்தான் எழுந்து வந்தார்கள். "பதினோரு மணிக்குள்ள ஒரு முடிவு சொல்லணும்," என்றான், டம்ளர்களை மேசையில் வைத்தபடி.

"முடிவு பண்ணதுதானேப்பா. புதுசா என்ன?" என்றான் மகன், ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு.

"நான் வரல," என்றாள் மகள்.

"வரலன்னா?"

"வரலன்னா வரலன்னு அர்த்தம். உன் சட்டப் புஸ்தகத்துல வேற ஏதாவது போட்டிருக்கா?"

"அம்மா கடைசியா சொன்னது..."

"ஆரம்பிச்சுட்டாருப்பா வக்கீல்." அவள் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஜாலியா போய்ட்டு வாங்க. பன்னெண்டு நாளும் நான் பெரியம்மா வீட்டுல இருந்துக்கறேன். பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன்."

இந்தப் பதினோரு மாதத்தில் மகளுடைய சாமான்கள் ஒவ்வொன்றாகப் பெரியம்மா வீட்டுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தன. முதலில் ஒரு பல் தேய்க்கும் பிரஷ். பிறகு கணக்குப் புத்தகம். போன மாதம் பள்ளிச் சீருடை ஒரு ஜோடி. சனி, ஞாயிறுக்குப் போகிறவள் இப்போது வியாழக்கிழமையே கிளம்புகிறாள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் சேர்ந்தாற்போல் அங்கே இருந்துவிட்டால், பதின்மூன்றாம் நாள் அவள் எந்த வீட்டைத் தன் வீடு என்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ரெண்டு பேரையும்னு சொன்னாங்க," என்றான் மகன். "ஒருத்தரைன்னு சொல்லல. இல்லப்பா?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"ம்," என்றான்.

"பாத்தியா?"

"என்னத்தப் பாக்குறது? அவங்க என்கிட்ட சொல்லலையே."

"நீ ஒத்துக்கிட்டு இப்ப பல்டி அடிக்கற." மகன் எழுந்து போய், ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளைப் பிய்த்து எடுத்து வந்து தூரத்தில் நின்றபடி ஆட்டினான். "கையெழுத்தெல்லாம் போட்டிருக்க. எழுதிக் குடுத்தா குடுத்ததுதான்."

"நான் எங்கடா போட்டேன்?"

மகள் தாளைப் பிடுங்கினாள். பதினோரு மாதமாக அவள் அந்தக் கதவின் பக்கம் முகத்தைத் திருப்பாமலேதான் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது மேசையில் விரித்து, குனிந்து பார்த்தாள். அடியில் நான்கு கட்டம். அப்பாவின் கையெழுத்து இருந்தது; அவன் படித்துக்கூடப் பார்க்காமல் முதல் நாளே போட்டது. அம்மாவின் கட்டம் காலி. அவள் எப்போதும் கடைசியாகத்தான் போடுவாள்.

"இது என் கையெழுத்தே இல்ல," என்றாள் மகள். "என்னோடதுல கோடு மேல போகும். இது எலி வால் மாதிரி கீழ தொங்குது."

மகன் தாளை அவள் கையிலிருந்து இழுக்கப் பார்த்தான்.

"பேனா யார் ஏத்துனது? அம்மா பென்சில்லதானே போட்டாங்க? டேய், உன்னைத்தான் கேக்கறேன்."

"அழிஞ்சுக்கிட்டே வந்துச்சு," என்றான். காது இரண்டும் சிவந்துவிட்டன. "ஃபிரிட்ஜைத் திறக்கறப்பல்லாம் கை பட்டு... திட்டத்துல நாலாம் நாள் வரி பாதி காணோம். அதான் அம்மா எழுத்து மேலேயே பாத்துப் பாத்து எழுதினேன். அவங்க பேனாலதான்."

"என் கையெழுத்தும் அழிஞ்சுதான் போச்சா?"

"எல்லாரும் போட்டாத்தானே பேனா ஏத்தலாம்? அது அம்மா ரூல்."

"ரூல் பேசற மூஞ்சியப் பாரு! நான் அன்னிக்கு ஏன் போடலன்னு தெரியுமா உனக்கு? தெரியுமா?" தாளில் ஒரு கட்டத்தை விரலால் குத்தினாள். "உயரமா போறது எல்லாத்துலயும் நான் அம்மா கூட. நீ அப்பா கூட. எனக்கு உயரம்னா பயம், அம்மா கையப் பிடிச்சுக்கிட்டா மட்டும் ஏறுவேன். அதுலயும் ரெண்டு வேணாம்னு அழிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் அழிக்கலாம்னு. இப்ப நீ பேனா ஏத்தி வச்சிருக்க. உனக்கென்ன, உன் பக்கத்துல அப்பா. என் பக்கத்துல யாருடா? எவனோ முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் வந்து அம்மா சீட்டுல பெல்ட்டு மாட்டிக்கிட்டு உக்காருவான். நான் அவன் கையப் பிடிச்சுக்கணுமா?"

வக்கீலுக்குப் பதில் இல்லாமல் போனதை அவன் அன்றுதான் பார்த்தான்.

"பொய்யன்," என்றாள் மகள். "திருட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு அம்மா பேரைச் சொல்றான்."

"நான் பொய்யன்னா அம்மா சொன்னதும் பொய்யா? அப்பாவைக் கேளு. அப்பா, நீங்களே சொல்லுங்கப்பா."

இப்போதும் ஒரு 'ம்' போதும். மகன் ஜெயிப்பான், மகள் பெரியம்மா வீட்டுக்குப் போவாள், பூங்காவில் நான்கு இருக்கையில் இரண்டு பேர் பன்னிரண்டு நாள் சுற்றி வருவார்கள். அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா அப்படிச் சொல்லல," என்றான். "நான்தான் சொன்னேன்."

"என்னது?" என்றான் மகன்.

"நீ கேட்டப்போ எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. வாய்ல வந்தத சொல்லிட்டேன். நீ ஒரு கையெழுத்துதான் போட்ட. அதை விடப் பெரிய பொய் என்னோடது."

மகன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முகத்தைத் திருப்பாமல் பின்வாங்கிப் போய், குளியலறைக்குள் நுழைந்து கதவை அறைந்து தாழ்ப்பாள் போட்டான்.

போன் அடித்தது. பதினோரு மணி என்றவர்கள் பத்தரைக்கே அடித்துவிட்டார்கள். அவசரத்தில் அவன் ஸ்பீக்கரை அழுத்திவிட்டான்.

"வணக்கம் சார். தீம் பார்க் முன்பதிவுல இருந்து பேசறேன்," என்றது ஒரு பெண் குரல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "நாலு பேர், பன்னெண்டு நாள். பேரெல்லாம் போன வருஷம் குடுத்ததுதானே சார்? உறுதி பண்ணிடலாமா?"

"நாலு இல்ல," என்றான். "மூணு."

அந்த எண்ணை அவன் டம்ளர் வைப்பதில்தான் பழகியிருந்தான். வாயால் சொன்னதில்லை.

"மூணுன்னா ஒருத்தர் தனியா உக்கார வேண்டியிருக்கும் சார். எங்ககிட்ட எல்லாமே ரெண்டு ரெண்டு சீட்டு."

மகள் போன் பக்கம் குனிந்தாள். "பக்கத்து சீட்டைக் காலியா விடுவீங்களா?"

"கூட்டம் இருந்தா விட மாட்டாங்கம்மா. வரிசையில அடுத்து நிக்கறவங்களை ஏத்திருவாங்க."

"அப்ப ஒரே ஆள் எல்லாத்துலயும் தனியா உக்காரணும்னு இல்லையே? மாத்தி மாத்தி உக்காரலாம்ல? ஏறாம கீழ நிக்கலாம்ல?"

குரல் ஒரு கணம் தடுமாறியது. "அது... உங்க இஷ்டம்மா. யாரு எங்க உக்காரணும்னு நாங்க கேக்கறதில்ல. ஆனா வர்றீங்களா இல்லையான்னு பதினோரு மணிக்குள்ள சொல்லிடுங்க சார். அதுக்கு மேல என் கையில இல்ல."

இணைப்பு போனது. மகள் தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து, உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்தாள். அளவுகோல் இல்லாமலே நேராக வந்தது; அது அம்மாவின் கை. மூன்று பத்தி.

"நான் வரேன்னு இன்னும் சொல்லல," என்றாள் தலை நிமிராமல். "போட்டுப் பாக்கறேன். அவ்வளவுதான்."

அவன் போய்க் குளியலறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வக்கீல்," என்றான். "டேய். உன்னை ஏமாத்தணும்னு சொல்லலடா."

"ஒரு வருஷம்பா," என்றது உள்ளிருந்து. "ஒரு வருஷம் அதையே நம்பிட்டு இருந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் 'ம்'னு சொன்னீங்கள்ல?"

மணி பத்து ஐம்பது. மகள் வந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். தாளைக் காட்டினாள். முதல் நாள் மட்டும் போட்டிருந்தாள். பெரிய சக்கரம்: அப்பா, பெரிசு. வக்கீல் தனி. தண்ணீர்ச் சறுக்கு: அப்பா, வக்கீல். பெரிசு தனி. செங்குத்தாக விழுகிற கோபுரம்: அப்பா, வக்கீல். பெரிசு கீழே நின்று கை ஆட்டும். எல்லாம் பென்சில். அடியில் மூன்று கட்டம். ஒன்றில் அவள் கையெழுத்து, கோடு மேலே போயிருந்தது. அவன் இந்த முறை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டான். மகள் தாளைக் கதவுக்கு அடியில் தள்ளி, பென்சிலையும் உருட்டிவிட்டாள்.

"பிடிக்கலன்னா அழிச்சு எழுதுடா," என்றாள். "ஆனா என் கையெழுத்த மட்டும் தொடாத. கைய ஒடிச்சுருவேன்."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு பென்சில் உரசும் சத்தம். தாள் திரும்பி வந்தது. மகனின் கட்டம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே எழுதியிருந்தான்: 'அம்மா நிஜமா என்ன சொன்னாங்க? அதைச் சொன்னா கையெழுத்து.'

மகள் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவளும் இதுவரை கேட்டதில்லை.

"நல்லா இருக்காதுடா," என்றான் கதவைப் பார்த்து. "நீங்க நினைக்கற மாதிரி ஒண்ணும் இல்ல."

"பரவாயில்ல."

"திட்டுதான்."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. மகனின் ஒரு கண்ணும் பாதி முகமும் தெரிந்தன. அவனுடைய தலைக்கு மேலே, கதவை ஒட்டிய சுவரில், ஹீட்டர் சுவிட்ச் இருந்தது. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அவள் இறந்த அன்று மாலை மருத்துவமனையிலிருந்து திரும்பிக் கை கழுவக் குழாயைத் திறந்தபோது தண்ணீர் கொதித்தது; ஹீட்டர் காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. அவள் கேட்டதற்கு அவன் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் 'அணைச்சாச்சு' என்றுதான் சொல்லியிருந்தான்.

"அம்மா வாசல்ல நின்னு ஒரு கால்ல செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தா," என்றான். "திரும்பிக்கூடப் பாக்கல. அப்படியே கேட்டா: ஏங்க, ஹீட்டரை அணைச்சீங்களா, இல்ல வழக்கம்போல 'அணைச்சாச்சு'ன்னு வாயால மட்டும் சொல்லப் போறீங்களா?"