சனிக்கிழமை வரை ஓடிய மோட்டார்

"அசல் லாக் புக்கைக் குடுங்க."

கேட்டுவிட்டாள். பம்பு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி இவள். இன்னொருவர் அந்த ஊர்த் தண்ணீர் ஆபீசின் சூப்பிரண்டு. மூன்றாமவர் பம்பு ஆப்பரேட்டர், இவளைப் பெற்ற அப்பா. மோட்டார் ஓடிய நேரத்தை எழுதும் அந்த நோட்டு அவர் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

இதை மட்டும் கேட்காதே என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஒருவர் இவளுடைய மேலதிகாரி. மேடம் நேற்றுச் சாயங்காலமே பாடம் நடத்திவிட்டார்: படிவத்தை வாங்கு, கூட்டலைப் பார், கையெழுத்து வாங்கு, டீ கொடுத்தால் குடி, வந்து சேர். அசல் நோட்டை எந்த ஊரிலும் கேட்கக் கூடாது. ஒரு ஊரில் கேட்டால் இருபத்து மூன்று ஊரிலும் கேட்க வேண்டி வரும். இன்னொருவர் அப்பாவேதான். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, இவள் முகத்தைப் பார்க்காமல், படிவம் தயாராக இருக்கிறது, வேறு எதையும் கிளறாதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிளறாதே என்றால்தானே அங்கே ஏதோ புதைந்திருப்பது தெரிகிறது. எட்டாவது வரை படித்த மனிதர், மோட்டாரின் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார். மகளை மட்டும் அவருக்குக் கணிக்கத் தெரியவில்லை.

இவள் வேலை பார்ப்பது தண்ணீர்த் துறைத் தலைமை ஆபீசின் ஒப்பீட்டுப் பிரிவில். பெரிய நகரங்களுக்கு வேறு பட்டியல் உண்டு. இவர்கள் கையில் இருப்பவை ஐயாயிரம் இணைப்புக்கும் குறைந்த சின்ன ஊர்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் விடுகிறீர்கள், எவ்வளவு ஒழுகிப் போகிறது, புகார் எத்தனை, தீர்த்தது எத்தனை என்று கேட்டு, மார்க் போட்டு, முதல் ஊரிலிருந்து கடைசி ஊர் வரை வரிசைப்படுத்த வேண்டும். மூன்று வருடமாக அப்பாவின் ஊர்தான் முதலிடம். சூப்பிரண்டின் அறையில் மூன்று கேடயங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

இதுவரை பட்டியல் வெறும் பட்டியலாக இருந்தது. கடைசியில் வந்த ஊருக்கு ஒரு கடிதம் போகும், அவர்கள் வருந்துகிறோம் என்று பதில் போடுவார்கள், அடுத்த வருடமும் கடைசியிலேயே வருவார்கள். இந்த வருடம் அப்படியில்லை. கடைசி ஊரின் கிணற்றைப் பூட்டிவிட்டு அதன் குழாயை முதல் ஊரின் குழாயோடு இணைத்துவிடுவது என்று மேலே முடிவாகியிருந்தது. கெட்டிக்காரன் கையில் கொடுத்தால் காரியம் நடக்குமாம். இன்று மாலை நாலு மணிக்குப் பட்டியல் போகிறது. கூடவே உத்தரவும் கையெழுத்தாகிறது.

அந்தக் கடைசி ஊருக்குப் போன வாரம்தான் போய் வந்தாள். அங்கே பொறுப்பிலிருப்பவரை எல்லாரும் ஸ்டாப்வாட்ச் என்பார்கள். கூட்டங்களில் அவர் எழுந்தாலே பின் வரிசையில் சிரிப்புக் கிளம்பும். மனிதர் ஊரின் கடைசித் தெருவில், கடைசிக் குழாயடியில், கையில் கடிகாரத்தோடு நிற்பவர். அங்கே தண்ணீர் வந்த நிமிடத்திலிருந்து நின்ற நிமிடம் வரைதான் அவர் கணக்கு. பம்பு அறையில் எவ்வளவு ஓடினால் என்ன, குடத்தில் விழுந்தால்தானே தண்ணீர். ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாமே என்று இவள்தான் வாய் தவறிக் கேட்டாள்.

"பொய் எழுத தனியா ஒரு ஆள் வேணும் மேடம். நாங்க மொத்தமே மூணு பேரு" என்றார் அவர். சிரிக்கக்கூட இல்லை.

அந்தப் பேச்சு ஒரு வாரமாக அவளை விடவில்லை. அதனால்தான் கேட்டாள்.

சூப்பிரண்டு முதலில் சிரித்தார். "அப்பாகிட்டயே அதிகாரமா? ராத்திரி வீட்ல சோறு போடுவாங்களா மேடம்?"

"ஆப்பரேட்டர், நோட்டைக் குடுங்க" என்றாள் மறுபடி. அப்பா என்று கூப்பிட்டால் குரல் உடைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அப்பா சூப்பிரண்டைப் பார்த்தார். சூப்பிரண்டு சுவரைப் பார்த்தார். சாவி இழுப்பறைத் துளையில் இரண்டு தடவை வழுக்கி மூன்றாம் தடவை உள்ளே போனது.

நோட்டில் முத்து முத்தான எழுத்து. ஆறு மணி தொடக்கம், பத்து மணி முடிவு, நாலு மணி நேரம். அதற்குக் கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே. பக்கம் பக்கமாக மோட்டார் ஒரு நாள்கூடத் தும்மவில்லை. இன்று புதன்கிழமை, மணி எட்டு நாற்பது. எதிரே மோட்டார் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறது. ஆனால் நோட்டில் இன்றைக்குப் பத்து மணிக்கு அது நின்றுவிட்டது. அவள் விரலைக் கீழே இறக்கினாள். வியாழக்கிழமை நாலு மணி நேரம். வெள்ளிக்கிழமை நாலு மணி நேரம். மோட்டார் சனிக்கிழமை வரை ஓடி முடித்திருந்தது.

"இப்ப ஏன் நிக்குது?"

"வோல்டேஜ் இல்ல." அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். "எட்டரைக்கு முன்னாடியே ட்ரிப் ஆயிடுச்சு."

"தினமுமா?"

அப்பா துணியை எடுத்து மோட்டாரைத் துடைக்கத் தொடங்கினார்.

பதில் பேனல் போர்டில் இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு ஹவர் மீட்டர். மோட்டார் ஓடும்போது மட்டும் நகரும், நின்றால் நின்றுவிடும். அதற்குச் சூப்பிரண்டையும் தெரியாது, கேடயத்தையும் தெரியாது. பேனல் மாற்றிய அன்று எலக்ட்ரீஷியன் கதவின் உட்புறத்தில் தேதியை எழுதி, பக்கத்தில் சுழியம் போட்டு வைத்திருந்தார். அன்றிலிருந்து இன்றோடு முந்நூற்று அறுபது நாள். நோட்டின்படி மோட்டார் ஆயிரத்து நானூற்று நாற்பது மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். மீட்டர் எண்ணூற்று எழுபது காட்டியது. அவள் போனில் வகுத்துப் பார்த்தாள். நாளுக்கு இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். இந்த ஊரில் தொட்டி ஒழுகத் தொடங்கி மூன்று வருடமாகிறது. மோட்டார் தண்ணீரை நேராகக் குழாயில்தான் விடுகிறார்கள். ஆக மோட்டார் ஓடும் நேரம்தான் தண்ணீர் வரும் நேரம். அதுவும் பம்படித் தெருவுக்கு. கடைசித் தெருவில் எவ்வளவு என்று நின்று பார்க்க இந்த ஊரில் ஒரு ஸ்டாப்வாட்ச் இல்லை.

மீட்டரைப் படம் எடுத்தாள். நோட்டையும் எடுத்தாள். சூப்பிரண்டு சிரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனோடு வெளியே போனார். ஐந்து நிமிடத்தில் இவள் போன் அடித்தது.

மேலதிகாரி மேடம் கோபப்படவில்லை. அவர் கோபப்படாததுதான் எப்போதும் பயம். ஒப்பிடுவது நம் வேலை, தோண்டுவது இல்லை என்றார். இருபத்து மூன்று ஊரும் எழுதித் தருவதைத்தான் நாம் வாங்குகிறோம், ஒரு ஊரை மட்டும் நிறுத்தித் துணியை உருவுவது நியாயமா என்றார். கடைசியாக, அன்பாக, உன் மேல் உள்ள நம்பிக்கையில்தானே உன்னை அனுப்பினேன் என்றார்.

"நம்பிக்கைல இல்ல மேடம். அப்பா அங்க இருக்கார்னு அனுப்பினீங்க. நான் தோண்டமாட்டேன்னு."

மேடம் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "அந்த நோட்டுல இருக்கிறது யார் கையெழுத்துன்னு யோசிச்சுப் பாத்தியா? சூப்பிரண்டோடது இல்ல. நாலு மணிக்கு முன்னாடி படிவம் என் மேசைல இருக்கணும். எந்தப் படிவம்ங்கிறது உன் இஷ்டம்."

யோசிக்காமலா இருப்பாள். படம் எடுத்த நொடியிலிருந்து அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. அப்பாவுக்கு ஓய்வு பெற எட்டு மாதம். விசாரணை என்று வந்தால் சூப்பிரண்டு கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். நோட்டில் அவர் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.

வீட்டில் அவள் சாப்பாட்டு மேசையில் புதுப் படிவம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள். நேரக் கட்டத்தை மட்டும் விட்டாள். பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே போய்ப் போய்த் திரும்பியது. சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தாள். இரண்டரைப் பேருந்தை விட்டால் நாலு மணிக்கு முன் போய்ச் சேர முடியாது. அந்தப் பேருந்தை எப்படியாவது விட்டுவிட்டால் தேவலை என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்பா ஒரு மணிக்கு வந்தார். கையைக் கழுவினார், உட்கார்ந்தார். அம்மா தட்டு வைத்தாள். இருவர் முகத்திலும் பொறி பறப்பதைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, இந்த ஊரில் நாலு மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் என்றாள் மகள்.

அம்மா பக்கென்று சிரித்துவிட்டாள். "நாலு மணி நேரமா? எந்த மடையன் சொன்னான்? எட்டரைக்கு மேல நான் குழாயைத் தொட்டதே..."

அதற்குள் புருஷன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். அம்மாவுக்கு விளங்கியது. கரண்டியைப் பாத்திரத்தின் மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

பிறகு அவர் பேசினார். பத்து வருடத்துக்கு முன்பு நடந்ததாம். அப்போது அவர் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் பூராவும் மின்சாரம் காலை வாரியது; இரண்டு, இரண்டேகால், ஒன்றரை என்று எழுதினார். மோட்டாரைச் சரியாக ஓட்டவில்லை என்று அவருக்கு மெமோ வந்தது. மின்சாரத்துக்கு மெமோ கொடுக்க முடியாதல்லவா, கையில் கிடைத்தவருக்குக் கொடுத்தார்கள். மூன்று இடத்தில் போய் நின்று விளக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

"நாலுன்னு எழுதினா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க, பாப்பா. ரெண்டுன்னு எழுதினா நான்தான் பதில் சொல்லணும்."

அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் வரவில்லை. அந்த மெமோவில் கையெழுத்துப் போட்டவன் யாரோ, அவன்மேல். அது ஒரு நிமிடம்தான் நின்றது. இணைப்பு விஷயம் அவருக்குத் தெரியாது என்று நினைத்து அவள் சொன்னாள். அந்தக் கடைசி ஊரின் கிணற்றைப் பூட்டப் போகிறார்கள். அதன் குழாயை இந்த மோட்டாரில்தான் மாட்டப் போகிறார்கள். நாலு மணி நேரம் ஓடுகிற மோட்டார், இரண்டு ஊருக்கும் தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அப்பா தண்ணீர் டம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "சூப்பிரண்டு சொன்னார்."

"தெரியுமா உங்களுக்கு? தாங்குமாப்பா அது?"

"எங்க தாங்கும்? நம்ம கடைசித் தெருவுக்கே ஏறல. ரெண்டு ஊரும் காயும்."

"அப்புறம்?"

"குழாய் போட்டு முடிக்க ஒரு வருஷம் ஆகும்." அவர் அவளைப் பார்க்கவில்லை. "அப்ப நான் ஓய்வுல இருப்பேன்."

சொன்னவருக்கே அது சரியாகப் படவில்லை போலும்; டம்ளர் நின்றுவிட்டது. அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. சண்டை போடலாம். இருபது வருடச் சண்டைக்குத் தேவையானதெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கடிகாரத்தில் மணி இரண்டடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. நேரக் கட்டத்தில் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் என்று எழுதினாள். ஆதாரம் என்ற இடத்தில் ஹவர் மீட்டர் என்று எழுதி, எண்ணைக் குறித்தாள். குறிப்பு என்ற இடத்தில், ஆப்பரேட்டர் என் தந்தை, சரிபார்க்க வேறு ஆளை அனுப்பவும் என்று எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். மறுபக்கத்தில் ஆப்பரேட்டர் கையெழுத்து என்று கோடு போட்டிருந்தது. படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"போடுங்கப்பா. நீங்க போட்டா, நீங்களே உண்மையைச் சொன்னதா ஆகும். போடலைன்னா, பொண்ணு பிடிச்சுக் குடுத்ததா ஆகும்."

"எட்டு மாசம் பாப்பா. எட்டே எட்டு மாசம் பொறுத்துக்கிட்டா..."

"அவங்க கிணத்தைப் பூட்டுற உத்தரவு இன்னைக்கு நாலு மணிக்குக் கையெழுத்தாகுதுப்பா."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். முத்து முத்தாக எழுதிய அந்தக் கை கோட்டுக்கு மேலே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு அவர் மூடியைப் போட்டுப் பேனாவைப் படிவத்தின் மேலேயே வைத்துவிட்டார்.

"போடாமயே குடுத்துடுவியா?"

"குடுத்துடுவேன்."

"உன் வேலையும் போகும்."

"தெரியும்பா."

அவள் பேனாவை மேசைமேல் நகர்த்தி வைத்துவிட்டு, படிவத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள். செருப்பைக் காலில் நுழைத்தாள். மாற்றி மாட்டிவிட்டு மறுபடி மாட்டினாள். ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டுப் போ என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள், அழுகிற குரலில். வந்து சாப்பிடுகிறேன் என்றாள். எப்போது வருவாள், வந்தால் இந்த மேசையில் இடம் இருக்குமா என்பதெல்லாம் அவளுக்கே தெரியாது.

வாசலைத் தாண்டி இறங்கும்போது உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பின்னாலேயே வருகிறாரா, எழுந்து உள்ளே போகிறாரா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.